மலையில்லாத ஊரில் மலை வரையும் பிள்ளைகள்

குழந்தைகளின் படைப்பாற்றலை வளர்ப்பது எப்படி என்று ஞாயிற்றுக்கிழமை இணைப்பிதழ்களில் கட்டுரை வருகிறது. பத்து வழி சொல்கிறார்கள். குழந்தைக்குத் தனி அறை கொடுங்கள். ஒரு சுவரை அது கிறுக்குவதற்கென்றே விட்டுவிடுங்கள். களிமண், கலர் பென்சில், மரக்கட்டை வாங்கிக் கொடுங்கள். ராத்திரி படுக்கும்போது கதை வாசித்துக் காட்டுங்கள். லீவு நாளில் மியூசியத்துக்குக் கூட்டிப் போங்கள்.

இதை எழுதுகிற அறிவாளிகளைக் கேட்கிறேன். நீங்கள் சொல்லும் குழந்தை எந்தத் தெருவில் இருக்கிறது? அம்பத்தூர் தொழிற்பேட்டையை ஒட்டின குடியிருப்புகளுக்கு ஒருநாள் வந்து பாருங்கள். பத்துக்குப் பத்து ஒரே அறை. அதிலேதான் அடுப்பு, அதிலேதான் துணி மூட்டை. நைட் ஷிப்ட் முடிந்து வந்த அப்பன் பகலில் தூங்க வேண்டியதும் அதிலேதான். சுவர் வீட்டுக்காரனுடையது. ஆணி அடித்தால் அட்வான்சில் பிடிப்பான். பிள்ளை கிறுக்கினால் வீட்டையே காலி பண்ணச் சொல்லுவான். அம்மாக்காரி எக்ஸ்போர்ட் கம்பெனியில் நாள் பூராவும் நின்றுகொண்டே பிசிறு வெட்டிவிட்டு ராத்திரி எட்டு மணிக்கு வந்து உலை வைக்கிறாள். அவள் எப்போது கதைப் புத்தகம் வாசிப்பாள்? யார் அவளுக்கு வாசிக்கக் கற்றுக் கொடுத்தார்கள்?

சரி, அதனால் இந்தத் தெருப் பிள்ளைகளுக்குப் படைப்பாற்றல் இல்லை என்று முடிவு கட்டிவிடலாமா? அப்படித்தான் கட்டியிருக்கிறார்கள். அந்த முடிவை உடைக்கத்தான் எழுதுகிறேன்.

நான் வாத்தியார் இல்லை. தொழிற்பேட்டையில் முப்பது வருஷம் லேத் ஓட்டியவன். ரிடையரான பிறகு எங்கள் காலனிச் சமுதாயக் கூடத்துத் திண்ணையில் சாயங்காலம் பிள்ளைகளை உட்கார வைத்து வீட்டுப்பாடம் எழுத வைக்கிறேன். அதனால் சொல்கிறேன். பழைய நூல்கண்டு நாலு, சைக்கிள் வால்வ் டியூப், தண்ணீர் பாட்டில் மூடி, இவ்வளவையும் வைத்து மேலேயும் கீழேயும் போகிற லிப்ட் செய்தான் ஒரு பயல். இன்னொருத்தன் எந்தக் கம்பெனி பஸ் எப்படி ஹாரன் அடிக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு வாயாலேயே அடித்துக் காட்டுவான். எழுத்துக் கூட்டத் தெரியாத சிறுமி ஒருத்தி, செத்துப்போன தன் ஆயா கொசு வடிவத்தில் வந்து காதில் சேதி சொல்வதாகக் கதை சொல்லிக் கேட்டவர்களையெல்லாம் அழ வைத்தாள். இவர்கள் மூன்று பேருக்கும் பள்ளிக்கூடம் கொடுத்திருக்கிற பெயர் ஒன்றுதான்: ஸ்லோ லேர்னர்.

1

பிள்ளைகளிடம் ஒரு தாளைக் கொடுத்து, “உங்க ஊரை வரைங்க” என்று சொல்லிப் பாருங்கள். பத்தில் எட்டுப் பேர் இரண்டு மலை வரைவார்கள். நடுவில் சூரியன். மலையிலிருந்து ஒரு ஆறு. ஓரத்தில் தென்னை மரம், ஓட்டு வீடு, வானத்தில் இங்கிலீஷ் ‘எம்’ எழுத்து மாதிரி நாலு பறவை.

அம்பத்தூரிலிருந்து ஆவடி வழியாகப் பூந்தமல்லி வரைக்கும் எங்கே ஐயா மலை இருக்கிறது? கண்ணுக்கெட்டின தூரம் தட்டை நிலம். இருப்பது ஏரிகள். அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி, பருத்திப்பட்டு ஏரி, அந்தப் பக்கம் செம்பரம்பாக்கம். ஐந்து நிமிஷத்துக்கு ஒன்றாக அரக்கோணம் லைனில் ரயில் ஓடுகிறது. 1961 இல் தொடங்கிய ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் யுத்த டாங்கு செய்கிறார்கள். ரோட்டில் கன்டெய்னர் லாரி வரிசை, தலைக்கு மேலே ஹைடென்ஷன் கம்பி, மழை வந்தால் முட்டி வரைக்கும் தண்ணீர். இவ்வளவும் தினம் பார்க்கிற கண், தாளைக் கொடுத்ததும் பார்க்காத மலையைத்தான் வரைகிறது.

பிள்ளைக்குக் கற்பனை இல்லாததால் இப்படி நடக்கவில்லை. போர்டில் டீச்சர் போட்டது அதுதான். அதைப் பார்த்து வரைந்தவனுக்கு ‘குட்’ விழுந்தது. தன் வீட்டு வாசலில் ஓடுகிற சாக்கடையை வரைந்தவனுக்குத் தலையில் குட்டு விழுந்தது. “நல்லதா ஒண்ணு வரையக் கூடாதா?” ஆக, நல்லது என்பது வேறு எங்கேயோ இருக்கிறது, நம்ம தெருவில் இல்லை என்று ஆறு வயசிலேயே பிள்ளைக்குப் புரிந்துவிடுகிறது. ஓவிய வகுப்பு என்ற பெயரில் நடந்தது கீழ்ப்படிதல் வகுப்பு.

கட்டுரை நோட்டும் இதே கதைதான். முன்னுரை, பொருளுரை, முடிவுரை. ‘நான் சென்ற சுற்றுலா’ என்று தலைப்பு. சுற்றுலாவே போகாத நாற்பது பிள்ளைகளும் உரைநூலைப் பார்த்து ஒரே மாதிரி மகாபலிபுரம் போய் வருவார்கள். ஒருத்தன் நிஜத்தை எழுதினான். “லீவுல எங்க நைனாவோட பெயின்ட் அடிக்கப் போனேன். சாரத்துல ஏறி நின்னா ஊரே தெரிஞ்சிது. பயமா இருந்திச்சி, ஷோக்காவும் இருந்திச்சி.” இதில் எத்தனை பெரிய விஷயம் இருக்கிறது! குழந்தை உழைப்பு இருக்கிறது, உயரத்தில் நிற்கிற பயம் இருக்கிறது, சந்தோஷமும் இருக்கிறது. திரும்பி வந்த நோட்டில் ‘நைனா’வுக்கு ஒரு சிவப்புக் கோடு, ‘ஷோக்கா’வுக்கு ஒரு சிவப்புக் கோடு. ஓரத்தில், “கொச்சை மொழி தவிர்.”

எது கொச்சை? அவன் அப்பனைக் கூப்பிடுகிற வார்த்தை கொச்சையா? பிள்ளை முதலில் தன் வார்த்தையில் எழுதட்டும். பொது வழக்கு பிறகு வரும், வரவும் வேண்டும். தன் வார்த்தையைப் பறிகொடுத்தவன் இரவல் வார்த்தையில் மனப்பாடம் செய்வான், பரீட்சை எழுதுவான். சொந்தமாக ஒரு வரி சொல்ல மாட்டான். 1992 இல் பாமாவின் ‘கருக்கு’ வந்தபோது, இந்தப் பேச்சு மொழியில் இலக்கியமா என்று முகம் சுளித்தவர்கள் இருந்தார்கள். இன்றைக்கு அந்தப் புத்தகம் பல்கலைக்கழகங்களில் பாடம். பல்கலைக்கழகம் வரை போய்விட்ட நம் பேச்சு, ஐந்தாம் வகுப்புக் கட்டுரை நோட்டுக்குள் மட்டும் இன்னும் நுழைய முடியவில்லை.

2

இது டீச்சர்களின் கெட்ட குணம் பற்றின புகார் இல்லை. இதற்கு வரலாறு இருக்கிறது.

பம்பாய் எல்பின்ஸ்டன் பள்ளியில் அம்பேத்கரைக் கணக்குப் போடக் கரும்பலகைக்குக் கூப்பிட்டபோது, பலகைக்குப் பின்னால் சாப்பாட்டு டப்பா வைத்திருந்த சாதி இந்துப் பிள்ளைகள் கூச்சல் போட்டு ஓடிவந்து டப்பாக்களை எடுத்துக்கொண்டார்கள். அதற்கு முன்னால் சத்தாராவில் அவர் தனிக் கோணியில் உட்கார்ந்து படித்தார். பியூன் வந்து ஊற்றினால்தான் தண்ணீர். சமஸ்கிருதம் படிக்க விடாமல் பாரசீகம் படிக்க வைத்தார்கள். கரும்பலகை எல்லாருக்கும் பொது என்பது நேற்று வந்த விஷயம். 1995 இல், சேலம் மாவட்டம் கட்டிநாயக்கன்பட்டியில், பள்ளிக்கூடத்துப் பொதுத் தண்ணீரைக் குடித்ததற்காக வாத்தியார் அடித்த அடியில் ஒரு தலித் சிறுமியின் கண் போயிற்று. 2023 இல் நாங்குநேரியில், நன்றாகப் படிக்கிற தலித் மாணவனை வீடு புகுந்து வெட்டினார்கள் கூடப் படித்த பிள்ளைகள். நன்றாகப் படித்ததே குற்றமாகிவிடுகிற வகுப்பறையில், பிள்ளை கையைத் தூக்கிக் கேள்வி கேட்குமா? கேள்வி கேட்காத இடத்தில் என்ன படைப்பாற்றல்?

நம்முடைய பக்கத்திலும் ஒரு வரலாறு இருக்கிறது. அதை யாரும் சொல்வதில்லை. 1894 இல் அடையாறு பக்கத்தில் கர்னல் ஆல்காட் பஞ்சமர் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். பிறகு சென்னையில் வேறு சில இடங்களிலும் அது பரவியது. பாட்டும் கைவேலையும் விளையாட்டுமாகக் கற்பிக்கிற கிண்டர்கார்டன் முறையை அந்தச் சேரிப் பள்ளிகளில் கொண்டுவந்தார்கள். அங்கே பணியாற்றிய கோர்ட்ரைட் என்ற அமெரிக்கப் பெண்மணி, பறையர் பிள்ளைகளுக்கு நாங்கள் எப்படிக் கற்பிக்கிறோம் என்றே 1906 இல் ஒரு சிறு நூல் எழுதினார். நூறு வருஷத்துக்கு முன்னால்! எம்.சி. ராஜாவைச் சட்டசபை உறுப்பினராகத்தான் தெரியும். அவர் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர், பிள்ளைகளுக்குப் பாடநூல் எழுதியவர் என்பதை எத்தனை பேர் சொல்கிறோம்? சிறு பிள்ளைக்கு எப்படிச் சொல்லித் தர வேண்டும் என்ற யோசனை நமக்குப் புதிதல்ல.

2003 இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கி, 2007-08 இல் மாநிலம் முழுக்கப் போன செயல்வழிக் கற்றலை எடுத்துக்கொள்ளுங்கள். பெஞ்சைத் தூக்கிப்போட்டுவிட்டுப் பாய் விரித்தார்கள். சுவரில் பிள்ளையின் உயரத்துக்குக் கரும்பலகை, ஒவ்வொரு பிள்ளைக்கும் அதில் ஒரு பங்கு. தலைக்கு மேலே கம்பி கட்டி, பிள்ளைகள் வரைந்ததைத் தொங்கவிட்டார்கள். அட்டைகளை எடுத்துத் தன் வேகத்தில் படிக்கலாம். இந்த முறை எங்கேயிருந்து வந்தது? ஆந்திராவின் ரிஷிவேலிப் பள்ளி அட்டைகளிலிருந்தும், வேலூர் மாவட்டத்தில் கொத்தடிமைத்தனத்திலிருந்து மீட்கப்பட்ட பிள்ளைகளின் சிறப்புப் பள்ளிகளிலிருந்தும். பீடி சுற்றின விரல்கள், தீப்பெட்டி ஒட்டின விரல்கள் இருக்கின்றனவே, அப்படிப்பட்ட விரல்களுக்காக யோசித்த முறை அது.

அது எப்படிச் செத்தது? “தரையில உக்கார வச்சி அட்டைய வச்சி வெளயாட வுடறாங்க” என்று நம்ம ஆட்களே பிள்ளையைக் கொண்டுபோய்த் தெருமுனை மெட்ரிகுலேஷனில் சேர்த்தார்கள். இரண்டு வாத்தியார் ஐந்து வகுப்பைப் பார்க்கிற பள்ளியில் அட்டை வெறும் சடங்காயிற்று. எந்த அட்டையை எந்தப் பிள்ளை முடித்தது என்று ரிஜிஸ்டர் நிரப்புவதே கல்வி ஆயிற்று. கம்பியில் தொங்கின படம் இன்ஸ்பெக்‌ஷனுக்கு மட்டும் மாற்றப்பட்டது. முறை நல்ல முறைதான். ஆளும் பணமும் போடாமல் முறையை மட்டும் அனுப்பினால் அது அட்டையாகத்தான் கிடக்கும்.

சட்டத்தைப் பார்ப்போம். 2009 இன் கல்வி உரிமைச் சட்டம் 29 ஆம் பிரிவில், பிள்ளை செய்து பார்த்து, தேடிக் கண்டுபிடித்துக் கற்க வேண்டும், பயமில்லாமல் தன் கருத்தைச் சொல்ல வேண்டும் என்று அழகாக எழுதியிருக்கிறது. அதே சட்டத்தின் அட்டவணைக்குப் போங்கள். ஓவியத்துக்குப் பகுதிநேர ஆசிரியர் எப்போது? ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை, அதுவும் நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால். காலனியின் சின்னப் பள்ளிக்கூடத்தில், ஒன்று முதல் ஐந்து வரை அறுபது பிள்ளை படிக்கிற இடத்தில், ஓவிய ஆசிரியர் வேண்டும் என்று சட்டமே சொல்லவில்லை. கை வளைந்து கொடுக்கிற வயசில் ஆள் கிடையாது. கிடைக்கிற இடத்தின் லட்சணம் இன்னொன்று. 2012 இல் தமிழ்நாட்டில் ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்வி என்று 16,549 பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தார்கள். சம்பளம் மாதம் 5,000 ரூபாய். வாரத்துக்கு மூன்று அரை நாள். பணி நிரந்தரம் கேட்டு அந்த வாத்தியார்கள் சென்னைத் தெருவில் எத்தனை தடவை உட்கார்ந்தார்கள்! கலையைச் சொல்லிக்கொடுப்பவனுக்கு அரசு போட்ட விலை அது. அப்புறம் மேடையில் ஏறி, மாணவர்களின் தனித்திறமையை வளர்ப்போம் என்கிறார்கள்.

3

இன்னொரு கூட்டம் இருக்கிறது. நம் பிள்ளைகளுக்குப் படைப்பாற்றல் இல்லை என்று அவர்கள் சொல்வதில்லை. பிறவியிலேயே இருக்கிறது என்பார்கள். “உங்க ஆளுங்களுக்குத் தாளம் ரத்தத்திலேயே ஊறினது.” ஆண்டு விழாவுக்குப் பறையடிக்க ஆள் வேண்டும் என்றால் எந்தத் தெருப் பையனைக் கூப்பிடுகிறார்கள்? நாடகம் போட்டால் ராஜா யார், வேலைக்காரன் யார்? பறை நம்முடைய கலை. அதில் சந்தேகமில்லை. சாவுக்கு அடிக்க மாட்டோம் என்று மறுத்து அடி வாங்கினவர்களும் நாம்தான், அதையே விடுதலையின் கருவியாக மேடையேற்றினவர்களும் நாம்தான். பறையை எல்லாப் பிள்ளையும் கற்கட்டும். நம் பிள்ளை வயலினும் கற்கட்டும், ரோபோவும் செய்யட்டும், கணக்கில் புதுசாக ஒரு வழி கண்டுபிடிக்கட்டும். ரத்தத்தில் ஊறினது என்று சொல்லும்போது, உழைத்துக் கற்றதை மறுக்கிறார்கள். சாதியைத் திறமை என்று பெயர் மாற்றுகிறார்கள்.

இதன் பழைய பெயர் குலக்கல்வி. 1953 இல் ராஜாஜி கொண்டுவந்தார். அரை நேரம் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில். கைவேலை கற்றால் பிள்ளைக்கு நல்லதுதானே என்று அப்போதும் இனிப்பாகத்தான் பேசினார்கள். எதிர்ப்பு கிளம்பியது. 1954 இல் காமராஜர் ஆட்சி அதைக் கைவிட்டது. 2020 இன் தேசியக் கல்விக் கொள்கை, ஆறு முதல் எட்டு வகுப்புக்குள் பத்து நாள் புத்தகப்பை இல்லாமல் தச்சர், தோட்டக்காரர், குயவரிடம் போய்ப் பழகச் சொல்கிறது. 2023 இல் வந்த விஸ்வகர்மா திட்டம் குடும்ப வழி வந்த 18 தொழில்களுக்குக் கடன் தருகிறது. செருப்புத் தைப்பது, துணி வெளுப்பது, முடி வெட்டுவது எல்லாம் பட்டியலில் உண்டு. கைத்தொழிலை நான் இழிவு என்று சொல்ல மாட்டேன். முப்பது வருஷம் கையால் பிழைத்தவன். என் கேள்வி இது: பத்து நாள் பழக்கம் முடிந்ததும் யாருடைய பிள்ளை திரும்பிப் போய் டாக்டருக்குப் படிக்கும், யாருடைய பிள்ளை அங்கேயே தங்கிவிடும்?

எங்கள் ஷாப்பில் நடந்ததைச் சொல்கிறேன். எட்டாவது வரை படித்த என் சேக்காளி ஒருத்தன், ஒரு பாகத்தைத் திரும்பத் திரும்பக் கழற்றி மாட்டுகிற வேலைக்கு வேஸ்ட் இரும்பில் தானே ஒரு ஜிக் செய்தான். வேலை நேரம் பாதியாயிற்று. ஆலோசனைப் பரிசு மேனேஜ்மென்ட் கொடுத்தது சூப்பர்வைசருக்கு. “படிக்காத பையன் எப்பிடி யோசிச்சிருப்பான்?” என்று சாதாரணமாகச் சொன்னார்கள். கை எங்களுடையது, மூளை அவர்களுடையது என்பதில் அவர்களுக்குச் சந்தேகமே வரவில்லை. இந்தப் பிரிவினைதான் சாதி. கையையும் மூளையையும் வேறுவேறு தெருவில் குடிவைத்த ஏற்பாடு. அதை உடைக்காத படைப்பாற்றல் பேச்சு எல்லாம் வெட்டிப் பேச்சு.

4

நம் வீட்டுப் பக்கமும் பேச வேண்டும். பேசினால் கோபம் வரும், வரட்டும்.

“படம் வரைஞ்சா சோறு துன்ன முடியுமா? மார்க்க எடு” என்கிறோம். நம் தோழர்கள் சிலரும் கேட்கிறார்கள்: முதலில் பாஸாகட்டும், வேலைக்குப் போகட்டும், இடஒதுக்கீட்டுச் சீட்டை நிரப்பட்டும், படைப்பாற்றலெல்லாம் வசதியுள்ளவன் கவலை. இந்தக் கவலையை நான் கேலி செய்ய மாட்டேன். ஒரு மார்க் குறைந்தால் ஒரு தலைமுறை பின்னே போகிற வீடுகள் நம்முடையவை. ஆனால் யோசியுங்கள். மனப்பாடம் செய்த பிள்ளை பத்தாவது வரை ஓடும். பதினொன்றில், காலேஜில், பாடப்புத்தகத்தில் இல்லாத கேள்வி வரும்போது தடுக்கி விழும். விழுந்ததும், “பாத்தியா, கோட்டால வந்தது” என்று சொல்லக் காத்திருக்கிறார்கள். பணக்கார வீட்டுப் பிள்ளைக்குப் படைப்பாற்றல் அலங்காரமாக இருக்கலாம். நம் பிள்ளைக்கு அது விழாமல் நிற்கிற கால்.

இத்தாலியில் பார்பியானா என்ற மலைக் கிராமத்தில், லொரென்சோ மிலானி என்ற பாதிரியார் பள்ளியில், ஃபெயிலாக்கித் துரத்தப்பட்ட ஏழை விவசாயப் பிள்ளைகள் எட்டுப் பேர் சேர்ந்து தங்கள் டீச்சருக்குக் கடிதமாக ஒரு புத்தகம் எழுதினார்கள். 1967 இல் வெளிவந்தது. யார் பிள்ளைகள் ஃபெயிலாகிறார்கள், யார் பிள்ளைகள் பாஸாகிறார்கள் என்று அவர்களே கணக்கெடுத்து, படம் போட்டுக் காட்டினார்கள். அழகான வரி எழுத அவர்கள் உட்காரவில்லை. தங்களுக்கு நடந்த அநியாயத்தை விளங்கிக்கொள்ள உட்கார்ந்தார்கள். நான் கேட்கிற படைப்பாற்றல் அதுதான். தன் தெருவில் ஏன் மழைத் தண்ணீர் நிற்கிறது, பக்கத்து நகரில் ஏன் நிற்கவில்லை என்று ஒரு பிள்ளை வரைபடம் போட்டால் அது ஓவியம், கணக்கு, அரசியல் மூன்றும்தான்.

வீட்டில் என்ன செய்வது? காசு வேண்டாத காரியங்கள் இருக்கின்றன. பிள்ளை ஒன்றைக் கழற்றிப் போட்டால் அடிக்காதீர்கள், மாட்டச் சொல்லுங்கள். “வாய மூடு” என்பதை வீட்டில் குறையுங்கள். வெளியே அதைச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். பெண்பிள்ளையைப் பாத்திரத்துக்கும் ஆண்பிள்ளையைத் தெருவுக்கும் அனுப்புவதை நிறுத்துங்கள். அவளுக்கும் சாயங்காலம் ஒரு மணி நேரம் சொந்தமாக வேண்டும். ஆயா, தாத்தா இருந்தால் அவர்கள் பட்ட பாட்டைச் சொல்லச் சொல்லிப் பிள்ளையை எழுத வையுங்கள். நம் வரலாற்றை எழுதி வைத்தவர்கள் குறைவு. அது பிள்ளையின் முதல் கட்டுரையாக இருக்கட்டும்.

5

கேட்க வேண்டியதை அரசிடம் கேட்போம், பிச்சையாக அல்ல.

1920களில் தொழிலாளர் துறை நம் பிள்ளைகளுக்குத் திறந்த பள்ளிகளைப் பெரியவர்கள் ‘லேபர் ஸ்கூல்’ என்பார்கள். அந்த வழியில் வந்தவைதான் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள், மாநிலத்தில் ஆயிரத்துக்கு மேல். நாங்குநேரிக்குப் பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில், பள்ளிப் பெயர்களிலிருந்து சாதிச் சொல்லை எடுக்கச் சொன்னது. எடுக்கட்டும். பெயர்ப்பலகையை மாற்றினால் மட்டும் போதாது, உள்ளே ஆள் வேண்டும். நூறு பேர் கணக்கைத் தூக்கிப்போட்டு, ஒன்றாம் வகுப்பிலிருந்தே எல்லாப் பள்ளிக்கும் முழுநேர ஓவிய, இசை, விளையாட்டு ஆசிரியர் வேண்டும்; சின்னப் பள்ளிகள் நாலைந்துக்குச் சேர்த்தாவது ஒருவர். நூலக அலமாரியின் சாவி தலைமை ஆசிரியர் மேஜையில் இருக்கக் கூடாது. அலமாரிக்குப் பூட்டே வேண்டாம். கட்டுரையில் பேச்சுச் சொல் வந்தால் மார்க் குறைக்காதே என்று உத்தரவு போட வேண்டும். வகுப்பு கூட்டவும் கக்கூஸ் கழுவவும் பிள்ளைகளை அனுப்புகிற இடத்தில் யாரை அனுப்புகிறார்கள் என்று கணக்கெடுக்க வேண்டும். கல்யாணம் இல்லாத நாளெல்லாம் பூட்டிக் கிடக்கிற சமுதாயக் கூடங்களைச் சாயங்காலம் விளக்குப் போட்டுப் பிள்ளைகளுக்குத் திறந்துவிட வேண்டும். அம்பத்தூர் 2011 இல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது, ஆவடி 2019 இல் மாநகராட்சியானது. வீட்டு வரியைக் கூட்டத் தெரிந்தவர்களுக்கு ஒரு டியூப்லைட் போடத் தெரியாதா?

டீச்சர்களுக்கு ஒரு வார்த்தை. உங்களில் நல்லவர்கள் இருக்கிறீர்கள். சொந்தக் காசில் கலர் சாக்பீஸ் வாங்குகிறவர்களை எனக்குத் தெரியும். உங்களிடம் கேட்பது ஒன்றுதான். நாளைக் காலையில் போர்டில் மலை போடாதீர்கள். பலகையைக் காலியாக விட்டுவிட்டு, வருகிற வழியில் என்ன பார்த்தீர்கள் என்று கேளுங்கள். முதல் நாள் யாரும் பேச மாட்டார்கள். பேசினால் அடி விழும் என்று பழகியிருக்கிறார்கள். இரண்டாம் நாளும் கேளுங்கள். மூன்றாம் நாள் ஒருத்தி எழுந்து சாக்கடையைப் பற்றிச் சொல்வாள், நாயைப் பற்றிச் சொல்வாள், லாரியில் அடிபட்ட மாமாவைப் பற்றிச் சொல்வாள். அதை அவள் சொன்ன வார்த்தையிலேயே போர்டில் எழுதி, அவள் பெயரையும் கீழே எழுதுங்கள்.

அவ்வளவு செய்யுங்கள். மீதியைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்.